படிக்கட்டின் ஏற்ற இறக்கம்

என் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எதையும் தொடங்க முடியாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிய பிறகும் அவர் லிஃப்ட் மெக்கானிக்தான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் நிலைப்படியில் ஒரு கணம் நின்று, தரை மட்டமாக இருக்கிறதா என்று பாதத்தால் தடவிப் பார்ப்பார். விருந்தாளிகள் சோபாவில் நெருக்கி உட்கார்ந்தால் அவர் முகத்தில் கவலை படரும். எடை கூடிவிட்டதென்று எங்கிருந்தாவது மணி அடிக்கும் என எதிர்பார்ப்பவர் போல. மிக்சி மக்கர் பண்ணினாலும், ஃபேன் முனகினாலும், அக்கா கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: நிறுத்து, கொஞ்சம் விடு, மறுபடி போடு. அக்கா விஷயத்தில் இது ஒருமுறைகூடப் பலித்ததில்லை.

இப்படிப்பட்டவர் ரிலே ஓட்ட ஆரம்பித்தார் என்றால், அது என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டும். இணையத்தில் ஒரு வலை இருக்கிறது. யார், எங்கிருந்து, எதைப் படிக்கிறார்கள் என்று முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாதபடி, ஒருவருடைய தகவலை மூன்று கை மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வலை. முதல் கைக்கு அனுப்பியவரைத் தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசிக் கைக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. நடுக்கைக்கு இரண்டுமே தெரியாது. உலகெங்கும் தங்கள் இணைப்பில் மிச்சமிருக்கும் வேகத்தைச் சும்மா கொடுக்கிற ஆட்களின் கம்ப்யூட்டர்கள்தான் இந்தக் கைகள். ஒவ்வொன்றுக்கும் ரிலே என்று பெயர். வீட்டில் வைப்பதற்குத் தொந்தரவில்லாதது நடுக்கை. அத்தான் வைத்தது அதைத்தான்.

"ஒண்ணும் தெரியாம நடுவுல நிக்கிறதுன்னா உங்களுக்கு ரொம்பப் பொருத்தம்தான்" என்றாள் அக்கா.

காரணம் அவர் தம்பி. தம்பி பத்திரிகைக்காரர். வேலைக்காகப் போயிருந்த நாட்டில் ஒரு காலையில் பாதித் தளங்கள் திறக்கவில்லை. சில நாளில் மீதியும் திறக்கவில்லை. போனில் பேசினால் மூன்றாவது ஆளின் மூச்சு கேட்பதாகச் சொன்னார். பிறகு போனும் நின்றது. அந்த நாட்களில் அத்தான் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், நின்றுபோன லிஃப்டுகளை ஓட வைத்தார். ஒரு ஜோக்குக்கும் சிரிக்கவில்லை. அப்புறம் இந்த வலை வழியாகத் தம்பியின் செய்தி வந்தது. 'உயிரோட இருக்கேன். நேரத்துக்குச் சாப்பிடறேன். அண்ணி உன்னை இன்னும் வீட்டை விட்டுத் துரத்தலையா?' அத்தான் அதைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் இருந்தார். வெளியே வந்தபோது தலை நனைந்திருக்கவில்லை.

"யாரோ மூணு பேர் கை மாத்திக் கொண்டுவந்து குடுத்திருக்காங்க, மச்சான்" என்றார் என்னிடம். "யாருன்னே தெரியாது. நன்றின்னு சொல்லக்கூட வழியில்ல பாரேன்."

"அவங்க எதிர்பார்க்கவும் மாட்டாங்க, அத்தான்."

"அதான் உறுத்துது. நாமும் யாரோ ஒருத்தனுக்கு அந்த மூணு பேர்ல ஒருத்தரா ஆயிட்டோம்னா போதும். எனக்குத் தூக்கம் வரும்."

வேறு எந்தக் கொள்கையும் கிடையாது. தம்பியின் செய்தி தன் மெஷின் வழியாக வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். யாரோ ஒருவன், எங்கோ ஓரிடத்தில், அவர் கை வழியாகப் போனால் போதும்.

ஏதோ அலுவலகத்தில் கழித்துக்கட்டிய சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. மென்பொருளை நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு ரிலேக்கும் ஓர் அழைப்புப் பெயர் வேண்டும் என்று திரை கேட்டபோது அத்தான் யோசிக்கவே இல்லை. "படிக்கட்டு."

"லிஃப்ட்காரர் வீட்டு மெஷினுக்குப் படிக்கட்டா?" என்றேன்.

"லிஃப்ட் நின்னா ஜனம் எதுல போகுது? அடி."

ஆங்கில எழுத்துகளில் அடித்தேன். உலகம் பார்க்கும் பட்டியலில் ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவே படிக்கட்டும் ஒன்றானது.

அடுத்ததாக அதற்கு வீடு. பழைய கட்டடம் ஒன்றில் லிஃப்டை மாற்றியபோது கழற்றிய கன்ட்ரோல் பெட்டியை அத்தான் வாங்கி வைத்திருந்தார். பீரோவில் பாதி உயரம், சாம்பல் நிறம், கனமான இரும்பு, ஓரமெல்லாம் ரப்பர் வைத்த கதவு. மூடினால் 'டப்' என்று வங்கிப் பெட்டகம் மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே ஒருநாளில் பலமுறை மூடுவார். என் அறைக்கு வெளியே நடைபாதையில் அதை நிறுத்தி, கம்ப்யூட்டரை மேல் தட்டில் வைத்து, அதுவரை புத்தக அலமாரியின் உச்சியில் உட்கார்ந்திருந்த வைஃபை ரூட்டரையும் இறக்கி உள்ளே வைத்தார்.

"அது பாட்டுக்கு மேல இருந்துச்சே" என்றாள் அக்கா.

"எலக்ட்ரிக் சாமான் வெளியில திறந்து கிடக்கக் கூடாதும்மா. எங்க தொழில்ல அது துணியில்லாம நிக்கிற மாதிரி."

ரூட்டருக்கு மானம் காப்பாற்றப்பட்டது.

இனி கோடு. ரிலே வழியாக எவ்வளவு தகவல் போகிறது என்பதை ஒரு பக்கத்தில் கோடாக வரைந்து காட்டுவார்கள். அத்தான் அதைத் தன் போனில் வைத்துக்கொண்டார். முதலில் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. புதிதாக வந்த ரிலேயை யாரும் நம்புவதில்லை. எங்கோ இருக்கிற அளக்கும் கணினிகள் சில, அவ்வப்போது ஒரு கோப்பை அதன் வழியாக அனுப்பி, எத்தனை நேரத்தில் வருகிறது என்று பார்த்து, இது இவ்வளவு தாங்கும் என்று மதிப்புப் போடும். மதிப்பு ஏறினால் கூட்டம் வரும். கூட்டத்தைச் சமாளித்தால் மதிப்பு இன்னும் ஏறும். இந்தச் சுற்று மெதுவாகத்தான் சுற்றும். நடுநடுவே காரணமே இல்லாமல் சறுக்கும்.

காரணமில்லாமல் எதுவும் சறுக்கக் கூடாது என்பது லிஃப்ட்காரர்களின் மதம். கோடு கொஞ்சம் தாழ்ந்தால் போதும், அத்தான் சாப்பாட்டுக் கையோடு எழுந்து போவார். பெட்டி திறக்கும் சத்தம். நிறுத்துவார், கொஞ்சம் விடுவார், மறுபடி போடுவார். டப்.

"சரியாப் போச்சு" என்று வந்து உட்கார்வார். கோடு அதைவிடத் தாழ்ந்திருக்கும். விட்டுவிட்டு ஓடுகிறவனை யார் நம்புவார்கள்? நிலையாக நிற்கிறவன் என்ற பெயரை அளப்பவர்கள் படிக்கட்டுக்குக் கொடுப்பதும் பிடுங்குவதுமாக இருந்தார்கள்.

ரிலே ஓட்டுபவர்கள் கூடும் இணையக் குழு ஒன்று உண்டு. அங்கே எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும் ஒருவர், தன் முகத்துக்குப் பதில் தூங்கும் கரடி ஒன்றின் படத்தை வைத்திருந்தார். அத்தானின் கேள்விகளை நான் ஆங்கிலத்தில் எழுதுவேன், பதிலை வாசித்துக் காட்டுவேன். பதில் அநேகமாக ஒன்றுதான்: கையை வைக்காதீர்கள், காத்திருங்கள்.

"கரடி என்ன சொல்லுது?" என்று சமையலறையிலிருந்து அக்கா கேட்பாள்.

"காத்திருக்கச் சொல்றார்."

"அது குளிர்காலம் முழுக்கத் தூங்குற பிராணி. அதுக்கு என்ன அவசரம்?" என்பார் அத்தான்.

இந்த விளையாட்டு இப்படியே போயிருக்கும். ஆனால் அக்கா வீட்டிலிருந்தே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு எடுக்கிறாள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, இணையம் வழியாக. படிக்கட்டு வந்த வாரத்திலிருந்தே வகுப்பு தடுக்கி விழ ஆரம்பித்தது. முக்கோணத்தின் இரண்டு பக்கம் போய்ச் சேரும், மூன்றாவது பக்கம் வழியில் காணாமல் போகும். ஒருநாள் 'ஆகவே' என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே உறைந்து போனாள். இங்கே அல்ல, பிள்ளைகளின் திரையில். அந்தக் கோலத்தை ஒரு வால் பயல் படம் பிடித்து ஸ்டிக்கராக்கிவிட்டான். வகுப்பில் யாராவது தாமதமாக வந்தால், பதில் தெரியாவிட்டால், மழை பெய்தால், எல்லாவற்றுக்கும் அக்காவின் திறந்த வாய்தான் பறந்தது. ஸ்டிக்கர் என் போனுக்கும் வந்து சேர்ந்தது. நன்றாகத்தான் இருந்தது. நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சிரிப்பதற்கு அக்காவுக்கும் தெரியும். ஆனால் ஒரு பெற்றோர், பிறகு இன்னொருவர், 'மிஸ், பையனுக்குக் கேக்கவே மாட்டேங்குதாம்' என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அன்று மாலை அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

"இது வந்துச்சு, என் வகுப்பு போச்சு. இடையில வேற எதுவும் இந்த வீட்டுக்குள்ள வரல."

"மச்சான் வந்தானே" என்றார் அத்தான். நான் அந்த வீட்டில் தங்க வந்தது அதற்கும் முந்தி. இருந்தாலும் ஒதுங்கி நின்றேன்.

"விளையாடாதீங்க. ஊருல இருக்கிறவன் எல்லாம் நம்ம லைன்ல போறான், நான் என் பிள்ளைங்ககிட்டப் போக முடியல. பரீட்சைக்கு முந்தி கடைசித் திருப்புதல் வகுப்பு வருது. பெத்தவங்களும் கூட உக்காருவாங்க. அதுல ஒரே ஒரு தடவை நான் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன்னு வைங்க, இந்தப் பெட்டி பழைய இரும்புக்குப் போயிடும். உள்ள இருக்கிறதோட."

"டீச்சர்..."

"டீச்சர்தான் சொல்றேன்."

அத்தான் அன்று அதிகம் சாப்பிடவில்லை. அவள் சொன்னது நியாயம் என்று அவருக்குத் தெரிந்ததுதான் கஷ்டம்.

அதன் பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வகுப்பு தொடங்குகிற நேரத்தில் வீட்டில் இருந்தால், பெட்டியைத் திறந்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டி, படிக்கட்டின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வைப்பார். வெளியிலிருந்தே கட்டளை கொடுக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பேனலைத் திறக்காமல் செய்வது வேலையே இல்லை என்றுவிட்டார். வகுப்பு முடியும்வரை அங்கேயே இருப்பார். அக்காவின் குரல் தங்குதடையில்லாமல் போகும். முடிந்ததும் வேகத்தைப் பழையபடி திறந்துவிட்டு, கதவைச் சாத்துவார். டப்.

பெட்டியில் வேறு யாரையும் கை வைக்க விடமாட்டார் என்பதால், அவர் வேலைக்குப் போயிருக்கும் நாட்களில் சுருக்க ஆளில்லை. அன்றெல்லாம் வகுப்பு உறைந்தது. சந்தேகமே இல்லை: சுருக்கினால் வகுப்பு ஓடுகிறது, சுருக்காவிட்டால் நிற்கிறது. கண்ணால் பார்த்த சாட்சி நானும் இருந்தேன்.

வகுப்பு பிழைத்தது, படிக்கட்டு படுத்துவிட்டது. கோடு நாளுக்கு நாள் தேய்ந்தது. கரடியிடம் கேட்டோம். அளப்பவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது, நீங்கள் சுருக்கி வைத்த நேரத்தில் வந்தால் சுருங்கியதைத்தான் எழுதிக்கொண்டு போவார்கள் என்று பதில் வந்தது. ஒரே அளவில் விட்டுவிடுங்கள். காத்திருங்கள்.

"ஒரே அளவுல விட்டா பெட்டியே வீட்டை விட்டுப் போயிடும்னு சொல்லேன் அந்தக் கரடிகிட்ட" என்றார் அத்தான்.

கோட்டைக் காட்டும் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "யாருமே வரல, மச்சான். கடையைத் திறந்து வச்சுக்கிட்டு, வர்றவனையும் பாதிக் கதவுல நிறுத்தினா யார் வருவா? மூணு பேர்ல ஒருத்தரா ஆகணும்னேன். நான் ஒருத்தருக்கும் ஒண்ணுமா இல்ல."

கடைசித் திருப்புதல் வகுப்பு அன்று காலையிலேயே அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இன்று சுருக்குவதில்லை, முழுதாகவே நிறுத்திவிடுவது. ஒருவேளை பிறகு போடாமலே விட்டுவிடுவது. வகுப்புக்குச் சற்று முன்னால் ஸ்டூலை எடுத்து வந்தார். கதவைத் திறந்தார். கையைத் தூக்கினார். போன் அடித்தது.

ஒரு மருத்துவமனை. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே ஆட்கள்.

"உள்ள ஆள்" என்ற சொல்லைக் கேட்டால் அத்தானுக்கு மற்ற எல்லாச் சொல்லும் மறந்துவிடும். செருப்பை மாட்டியது தெரியவில்லை. கருவிப் பையோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

நான் பெட்டிக்கு முன்னால் நின்றேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிறுத்தவும் இல்லை, சுருக்கவும் இல்லை. நிறுத்த வேண்டியது நானா? அது அவருடைய மெஷின். நிறுத்தாவிட்டால்? அது அக்காவின் வகுப்பு. இப்படி நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா, "எல்லாருக்கும் வணக்கம், குரல் கேக்குதா?" என்று தொடங்கிவிட்டாள்.

கேட்டது. வரிசையாகப் பிள்ளைகள் 'கேக்குது மிஸ்' என்றார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்த கணக்குக்குக் காத்திருந்தேன். அது போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. ஓர் அப்பா ஏதோ கேட்டார், அவருக்கும் பதில் போயிற்று.

என் போன் அதிர்ந்தது. அத்தான். பின்னணியில் படியேறும் சத்தமும் இளைப்பும்.

"மச்சான்... நான் நிறுத்தினேனா?"

"இல்ல அத்தான்."

"நீ நிறுத்தினியா?"

"இல்ல அத்தான்."

"அடப்பாவி! ஓடிப் போய் நிறுத்து. வகுப்பு என்ன ஆச்சு?"

"நல்லாப் போகுது."

"என்னது?"

"நல்லாப் போகுது. ஒரு இடத்துலகூட நிக்கல."

"படிக்கட்டு?"

"அதுவும் முழு வேகத்துல போகுது."

அவர் பக்கத்தில், எங்கோ இரும்புக்கு அப்பாலிருந்து, "ஹலோ, மேல யாராவது வந்துட்டீங்களா இல்லையா?" என்ற குரல் மெலிதாகக் கேட்டது.

"இதோ வந்துட்டேன் சார், பயப்படாதீங்க" என்று அந்தக் குரலிடம் கத்திவிட்டு, என்னிடம் மெதுவாக, "எதையும் தொடாதே" என்றார்.

அவர் திரும்பி வந்தபோது வகுப்பு முடிந்திருந்தது; சந்தேகம் கேட்கிற பிள்ளைகள் சிலர் மட்டும் திரையில் மிச்சம். அத்தான் கிரீஸ் கையோடு பெட்டி முன்னால் வந்து நின்று, பச்சை விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புத்தி வந்திருச்சு பாரு இதுக்கு" என்றார் பெருமையாக. பிறகு, திறந்து கிடக்கும் பேனலைப் பார்த்தால் எந்த லிஃப்ட்காரரும் செய்வதைச் செய்தார். டப்.

"ஏங்க!" என்றாள் அக்கா சாப்பாட்டு மேசையிலிருந்து. "இப்பத்தான் நின்னுச்சு!"

பதறிப்போய்க் கதவைத் திறந்தார்.

"வந்திருச்சு."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். அவர் மெதுவாக, சத்தம் வராமல், மூடினார்.

"போச்சு."

திறந்தார்.

"வந்துச்சு. என்ன பண்றீங்க அங்க?"

மூடினார். திறந்தார். மூடினார். "மிஸ் வர்றாங்க, மிஸ் போறாங்க, மிஸ் வர்றாங்க" என்று ஏதோ ஒரு பயலின் குரல் துண்டு துண்டாகக் கேட்டது. அக்கா லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு நடைபாதைக்கு வந்தாள். கனத்த கதவையும், அதன் ரப்பர் ஓரத்தையும், உள்ளே மேல்தட்டுக்குக் கீழே சுற்றிலும் இரும்போடு உட்கார்ந்திருந்த ரூட்டரையும் பார்த்தாள். கணக்கு டீச்சர், விடை வர நேரமாகவில்லை.

"ஏங்க, லிஃப்டுக்குள்ள கதவு மூடினா போன் எடுக்காது, அதனால அலார பட்டனை அமுக்குங்கன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறது யாரு?"

அத்தான் கதவின் ரப்பர் ஓரத்தை விரலால் தடவினார்.

"எதனால எடுக்காது?"

"சுத்தி இரும்பு" என்றார், தரையைப் பார்த்தபடி.

"என்னை இத்தனை நாளா லிஃப்டுக்குள்ள வச்சுப் பூட்டி, வகுப்பு எடுக்க விட்டிருக்கீங்க."

வகுப்பு ஓடியது அவர் சுருக்கியதால் அல்ல. சுருக்குவதற்காகக் கதவைத் திறந்து வைத்ததால் ஓடியது. படிக்கட்டு அக்காவின் வழியில் ஒருநாளும் குறுக்கே நிற்கவில்லை. அந்தப் பாவப்பட்ட மெஷினை அவர் தினமும் கழுத்தைப் பிடித்து அமுக்கியது வீண்.

ஸ்டிக்கர் விவகாரத்துக்கு அக்கா அப்போது ஒரு பழி வாங்கினாள்: குனிந்த தலையோடு நின்ற அத்தானைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, 'இதை ஸ்டிக்கராக்கு' என்றாள். ஆக்கினேன்.

பெட்டி இரும்புக்கடைக்குப் போகவில்லை. கதவு மட்டும் போனது. கீல்களைக் கழற்றும்போது அத்தான் பல் பிடுங்கிக்கொள்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். ரூட்டர் அலமாரியின் உச்சிக்குத் திரும்பியது. இனிமேல் வேகத்தில் கை வைப்பதில்லை என்று மூன்று பேருக்கும் ஒப்பந்தம். ரீஸ்டார்ட் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

விட்டுவிட்டதும் படிக்கட்டு நிமிர்ந்தது. அளப்பவர்கள் எப்போது வந்தாலும் ஒரே வேகம் இருந்தது. வந்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். கோடு பகலில் வீங்கி, மற்ற நேரத்தில் வடிந்து, வாரக்கடைசியில் சற்றுச் சோம்பி, ஆனாலும் மொத்தத்தில் மேலே போனது. மொட்டை மாடியில் காயப்போட்ட சேலை காற்றில் எழுவதைப் போல இருந்தது. இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தான் எந்தச் சேலை என்று கேட்டிருப்பார்.

அக்காவும் இப்போது கேட்க ஆரம்பித்தாள். "இன்னைக்கு எப்படி உங்க படிக்கட்டு?"

"ஏறுது, டீச்சர்."

அது ஒரு விடுமுறை நாள் காலை. அத்தான் டீயோடு போனைப் பார்த்தவர், டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். கோடு சரிந்திருந்தது. வழக்கமான சறுக்கல் இல்லை. மாடியிலிருந்து பை விழுந்த மாதிரி. பாதிக்கும் கீழே.

"நான் எதையும் தொடல" என்றார் எங்கள் இருவரையும் பார்த்து. "சத்தியமாத் தொடல."

"இருங்க, கரடியைக் கேப்போம்" என்றேன்.

"அது எந்திரிச்சுப் பதில் போடறதுக்குள்ள படிக்கட்டு செத்துப்போயிடும். ஒரே ஒரு தடவை. நிறுத்தி, கொஞ்சம் விட்டு..."

கதவில்லாத பெட்டியின் முன் அவர் போய் நின்றார். நான் எழுதி அனுப்பினேன். கரடி அதிசயமாக விழித்திருந்தது. அத்தானின் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும்போதே பதில் வந்துவிட்டது. நான் வாசித்தேன், முடிந்தவரை வேகமாக.

"வாழ்த்துகள்னு போட்டிருக்கார்."

"என்ன எழவுக்கு?"

"நம்மளை முதல் கையா வைக்கலாம்னு அளக்கிறவங்க முடிவு பண்ணிட்டாங்களாம். நிலையா நிக்கிறதைப் பார்த்து. முதல் கைன்னு ஆனதும், நடுக்கையாக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க குறைச்சுக்குவாங்க. முதல் வேலைக்கு இருக்கட்டும்னு. அதான் விழுந்திருக்கு. ஆனா முதல் கையை யாரும் சும்மா மாத்த மாட்டாங்களாம். ஒருத்தர் ஒரு ரிலேயைப் பிடிச்சா மாசக்கணக்கா அதையேதான் பிடிச்சிருப்பாராம். அதனால புதுசா ஆள் சேர நாளாகும். ஒவ்வொருத்தராத்தான் வருவாங்க."

"அப்போ இப்ப யாரும் இல்லையா?" என்றாள் அக்கா.

"சில பேர் வந்திருப்பாங்கன்னு சொல்றார். இன்னொண்ணும் எழுதியிருக்கார்." அதை மட்டும் நிதானமாக வாசித்தேன். "நிறுத்தினா, அந்த நேரத்துல அது வழியாப் போய்க்கிட்டிருக்கிற எல்லாரும் நடுவுல அறுந்து நிப்பாங்களாம்."

அத்தானின் விரல் அந்தரத்தில் நின்றது.

"நடுவுல நிப்பாங்களா? ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா."

அவர் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். சாப்பாட்டுக் கையோடு எழுந்து போன நாட்கள் எல்லாம் அவர் முகத்தில் வந்து போவது தெரிந்தது. வாழ்நாள் முழுக்க நடுவில் நின்றுபோனவர்களை இறக்கிவிடுவதற்காகத் தெருத்தெருவாக ஓடியவர். ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா சீண்டுவாள் என்று பார்த்தேன். அவள் ஆறிப்போன டீயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அப்போ யாரோ ஒருத்தர் உங்களைத்தான் முதல் ஆளாப் பிடிச்சிருக்காரு" என்றாள்.

"பிடிச்சிருக்கலாம்."

"யாருன்னு பார்க்கலாமா?"

"பார்க்கக் கூடாது. அவன் எங்க இருந்து வர்றான்னு மெஷினுக்குத் தெரியும். அதை நாம நோண்டக் கூடாது." டீயை ஒரு வாய் குடித்தார். "லிஃப்ட்ல ஏறுறவங்க யார் வீட்டுக்குப் போறாங்கன்னு நான் பார்க்கிறேனா?"

"பார்ப்பீங்க."

"...பார்ப்பேன். இதுல பார்க்க மாட்டேன்."

அவர் தம்பிக்கு ஒரு செய்தி எழுதச் சொன்னார். 'உன்னோட மூணு பேர் யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா இங்க யாருக்கோ நான் ஒருத்தன்.' தம்பியின் பதில் இரண்டு நாள் கழித்து வந்தது: 'பாவம் அவன்.' அத்தான் அதைக் கட்டடம் கட்டடமாகப் போய்க் காட்டினார்.

அந்த வாரம் முழுக்கக் கோடு இறங்கிக்கொண்டேதான் இருந்தது. அத்தான் ஸ்டூலை எடுத்து மொட்டை மாடியில் போட்டுவிட்டார், பார்வையில் படக்கூடாதென்று. போனிலிருந்த அந்தப் பக்கத்தையும் அழித்துவிட்டார். அழித்த அன்று மதியமே வேலை இடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்றார், அக்கா என்ன செய்கிறாள் என்றார், வெயில் எப்படி என்றார்.

"அத்தான், கோட்டைப் பத்திக் கேக்கணுமா?"

"சேச்சே. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"சரி அத்தான்."

"எப்படி இருக்கு?"

"இன்னும் இறங்குது."

"இறங்கட்டும், இறங்கட்டும். ஆள் ஒவ்வொருத்தராத்தான் வருவாங்க." பின்னால் ஒரு லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவர் போனை வைக்கவில்லை.

"ரொம்பவா?" என்றார்.